கார் கூரையில் சோலார் பேனல்: முகாமுக்குப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. கரண்டுக்குப் பஞ்சம் வருவதெல்லாம் பள்ளி விடுமுறையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான். ஆற்றங்கரையில் இருட்டியதும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணையும். விசிறி இல்லாமல் பிள்ளைகள் புழுங்குவார்கள். நடுராத்திரியில் யாராவது ஒருவர் கார் சாவியைத் திருப்பி வைத்துச் சார்ஜ் போடுவார். காலையில் கார் கிளம்பாது.

தாத்தா பாட்டி இருந்த தோட்டத்து லயத்தில் ஜெனரேட்டர் கரண்டுதான். ராத்திரி 10 மணிக்கு நிறுத்திவிடுவார்களாம். அதற்குள் சமையல், சாப்பாடு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்தாக வேண்டும். முகாமில் சோலார் வைத்துப் பிழைக்கவும் அந்தக் கணக்குப் புத்திதான் வேண்டும். இருப்பது இவ்வளவு, செலவு இவ்வளவு என்று தெரிந்தவனுக்கு 100 வாட் போதும். தெரியாதவனுக்கு 400 வாட்டும் போதாது.

என்னுடைய பழைய அவான்ஸா காரின் கூரையில் ஒரு பேனல் இருக்கிறது. முதல் தடவை தப்பாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டியது. பேனல் வாங்குவது சுலபம். அது பறக்காமல் நிற்பதும், அதிலிருந்து வரும் வயர் தீப்பிடிக்காமல் பேட்டரிக்குப் போய்ச் சேருவதும்தான் வேலை. பெரிய பேனலுக்கு ஆசைப்பட்டு போல்ட்டிலும் வயரிலும் ஃபியூஸிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். பேனலைச் சின்னதாக வாங்கி மற்றதில் காசைப் போடுங்கள்.

படி 1: கடைக்குப் போகுமுன் கணக்கு

ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை வாட், எத்தனை மணி நேரம். இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி. நாலு பேர் உள்ள எங்கள் குடும்பத்துக்கு ஓர் இரவுக் கணக்கு இப்படி வந்தது: 5 வாட் எல்இடி விளக்கு இரண்டு, 5 மணி நேரம், 50 வாட்-மணி. 8 வாட் யுஎஸ்பி விசிறி இரண்டு, 9 மணி நேரம், 144. நாலு கைப்பேசிக்கு ஆளுக்கு 15 வீதம் 60. சின்ன ஸ்பீக்கருக்கு ஒரு 15. மொத்தம் 270க்குக் கொஞ்சம் குறைவு.

இனி வரவு. நம் நாட்டில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 முதல் 5 மணி நேர 'முழு வெயில்' கிடைக்கிறது. 12 மணி நேரம் வெளிச்சம் இருந்தாலும், காலை மாலை வெயிலையும் மேகத்தையும் கழித்தால் பேனலுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு, தூசி, வயர், பேட்டரிக்கு ஏறும் சார்ஜை அளவோடு வைக்கும் கன்ட்ரோலர் என்று போவதைக் கழித்தால் மிஞ்சுவது 70 சதவீதம். ஆக 100 வாட் பேனல் ஒரு நாளைக்குத் தருவது 100 × 4 × 0.7, அதாவது 280 வாட்-மணி. எங்கள் செலவுக்குச் சரியாக வந்துவிட்டது.

இதில் 12 வோல்ட் குளிர்பெட்டியைச் சேர்த்தால் கதை மாறும். கம்ப்ரஸர் வைத்த சின்னப் பெட்டி ஓடும்போது 45 வாட் இழுக்கும். நம் சூட்டில் ஒரு நாளில் பாதி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 10 மணி நேரம் ஓடும். அது மட்டும் 450. மொத்தம் 720 ஆகிவிடும், பேனல் 250 வாட்டுக்கு மேல் வேண்டும். மீனும் இறைச்சியும் கொண்டுபோகிறவர் யோசிக்கட்டும். ஐஸ் பெட்டிக்கு 2 மூட்டை ஐஸ் போதும் என்பது என் கட்சி.

சோறாக்கும் குக்கரைக் கொண்டுவரலாமா என்று வீட்டில் கேட்பார்கள். 400 வாட் சின்னக் குக்கர் 25 நிமிடம் ஓடினால், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 190 வாட்-மணி. ஒரு பானைச் சோற்றுக்கு அன்றைய வெயிலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். கேஸ் அடுப்பு எதற்கு இருக்கிறது?

படி 2: கூரை எவ்வளவு தாங்கும்?

கார் கையேட்டில் கூரைச் சுமைக்கு ஓர் எண் இருக்கும். சின்னக் கார்களுக்கும் எம்பிவி எனும் குடும்ப வேன்களுக்கும் பெரும்பாலும் 50 முதல் 75 கிலோவுக்குள். அது கார் ஓடும்போது தாங்கும் எடை, அதில் கூரையில் சாமான் கட்டும் ரேக்கின் எடையும் சேர்த்தி. ரேக்கின் குறுக்குக் கம்பிகளுக்குத் தனியாக ஓர் எண் இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

கண்ணாடிப் பேனல் 100 வாட் என்றால் 6 முதல் 8 கிலோ. அலுமினியச் சட்டமும் போல்ட்டுகளும் 3 கிலோ. ரேக் ஒரு 5, 6 கிலோ. எல்லாம் சேர்த்தும் 20 கிலோவைத் தாண்டாது. எடை பிரச்சினையே இல்லை, காற்றுதான் பிரச்சினை. அதைப் படி 5ல் சொல்கிறேன்.

கூரையில் தண்டவாளம் போல் கம்பி இல்லாத கார்களுக்குக் கதவு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ரேக்குகள் கிடைக்கின்றன. உங்கள் கார் மாடலுக்கென்றே செய்த கொக்கிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் எதற்கும் பொருந்தாது.

சட்ட விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். வண்டியில் எதை மாற்றலாம், எதைக் கூடாது என்பது சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) பொறுப்பு. கூரையில் நிரந்தரமாக எதையும் வைக்குமுன் பக்கத்து ஜேபிஜே அலுவலகத்தில் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பேனல் காரின் அகலத்துக்கு வெளியே நீட்டக்கூடாது. கூரையில் ஓட்டை போடாமல், ஸ்பேனர் இருந்தால் கழற்றிவிடலாம் என்கிற மாதிரி மாட்டுவதுதான் எல்லா வகையிலும் நல்லது. கீழே சொல்வதும் அப்படிப்பட்ட முறைதான்.

படி 3: எந்தப் பேனல்?

கண்ணாடி முகமும் அலுமினியச் சட்டமும் உள்ள, '12 வோல்ட்' என்று விற்கிற மோனோ (ஒற்றைப் படிக சிலிக்கான்) பேனல். வேறு எதையும் பார்க்க வேண்டாம். 100 வாட் பேனலின் பின்பக்கச் சீட்டில் வேலை செய்யும் அழுத்தம் சுமார் 18 வோல்ட், மின்னோட்டம் 5.5 ஆம்பியர், ஒன்றும் இணைக்காதபோது 22 வோல்ட் என்ற மாதிரி எண்கள் இருக்கும். அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் ஏறிய பிறகு படிக்க முடியாது.

வளையும் பேனல் 2 கிலோதான், கூரையில் பசை போட்டு ஒட்டினால் போதும் என்பார்கள். நம் ஊருக்கு அது ஆகாது. பேனலில் எழுதியிருக்கும் வாட் எல்லாம் 25 டிகிரி சூட்டில் அளந்தது. மதியத்தில் பேனலின் செல்கள் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் சக்தி குறைகிறது. அடியில் காற்றோட்டம் இருக்கும்போதே 12 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. கொதிக்கும் தகரத்தின் மேல் ஒட்டிவைத்தால் இன்னும் போகும், பேனலின் ஆயுளும் குறையும்.

பேனலைச் சூரியனைப் பார்த்துச் சாய்க்க வேண்டாமா என்ற கேள்வி வரும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் அதற்கென்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி பக்கத்தில். டிசம்பரில் உச்சி வேளைச் சூரியன் தெற்கே 28 டிகிரி வரை சாயும். அப்போதும் படுக்கையாக இருக்கும் பேனலுக்கு அந்த நேரத்து நட்டம் 12 சதவீதம்தான். ஜூன் மாதத்தில் 5 சதவீதம். சாய்க்கும் கீல், கம்பி, கைப்பிடி என்று கூரையில் ஆடும் பொருளைக் கூட்டாதீர்கள்.

படி 4: சட்டம் கட்டுவது

இரும்புக் கடையில் வாங்க வேண்டியவை: 40 × 40 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினிய ஆங்கிள் (எல் வடிவக் கம்பி), பேனலின் நீளத்துக்கு இரண்டு துண்டு. 40 × 5 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை, 10 செண்டிமீட்டர் நீளத்தில் நாலு துண்டு. எம்6 (6 மில்லிமீட்டர் தடிமன்) ஸ்டெயின்லெஸ் போல்ட் 4. எம்8 ஸ்டெயின்லெஸ் போல்ட் 8, நீளத்தை உங்கள் குறுக்குக் கம்பியின் கனத்தை அளந்து முடிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் அகல வாஷர், உள்ளே நைலான் வளையம் உள்ள நட். சாதாரண நட் வேண்டாம். தோட்டத்து மண் ரோட்டில் 2 கிலோமீட்டர் ஓடினால் அது தானாகக் கழன்றுவிடும்.

வேலையை வீட்டு முற்றத்தில் செய்யுங்கள். தரையில் கம்பளியை விரித்து, பேனலைக் குப்புறப் போடுங்கள். நீளப் பக்கங்களின் அடி விளிம்பில் ஏற்கெனவே ஓட்டைகள் இருக்கும், முனையிலிருந்து சுமார் கால் பங்கு தூரத்தில். அந்த ஓட்டைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். புதிதாகத் துளைக்கப் போய் டிரில் முனை கண்ணாடியைத் தொட்டால் பேனல் அன்றே முடிந்தது.

ஆங்கிளின் ஒரு பக்கம் பேனல் விளிம்புக்கு அடியிலும், மறுபக்கம் பேனலின் வெளிச் சுவரை அணைத்தபடியும் வரட்டும். பேனல் ஓட்டைகளுக்கு நேராக ஆங்கிளில் குறி வைத்துத் துளையுங்கள். அடுத்து கார் கூரையில் இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து, ஒவ்வொரு கம்பியும் ஆங்கிளைக் கடக்கும் இடத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக எம்8 துளைகள். ஓர் ஆங்கிளுக்கு நாலு, மொத்தம் எட்டு. முடிந்தால் கம்பிகள் பேனலின் கால் பங்குத் தூரங்களுக்குப் பக்கத்தில் வருமாறு நகர்த்துங்கள். பேனலின் பின்னால் உள்ள கறுப்பு இணைப்புப் பெட்டி கம்பியில் முட்டக்கூடாது. இதை நான் கவனிக்காமல் விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மறுபடி துளைத்தேன்.

வரிசை முக்கியம். எம்8 போல்ட்டுகளைத் தலை மேலே இருக்கும்படி ஆங்கிளில் முதலில் போட்டுவிடுங்கள். பேனலை ஆங்கிளோடு எம்6 போல்ட்டால் இணைத்த பிறகு உள்ளே கை போகாது. அப்புறம் இரண்டு பேர் பிடித்து முழுச் சட்டத்தையும் கூரைக்குத் தூக்குங்கள். கம்பியின் இரு பக்கமும் போல்ட்டுகள் கீழே தொங்கும். அடியிலிருந்து பட்டைத் துண்டைக் கொடுத்து, நட்டைப் போட்டு இறுக்கினால் கம்பி நடுவில் மாட்டிக்கொள்ளும். கம்பிக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் பழைய மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி வையுங்கள். பிடிப்பும் கூடும், கம்பியிலும் கீறல் விழாது.

இரண்டு சின்ன விஷயம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினால் பாதியில் பற்றிக்கொண்டு நின்றுவிடும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு துளி கிரீஸ் தடவி, மெதுவாக, கை ஸ்பேனரால் முறுக்குங்கள். ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். லுமுட் பக்கம் கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள் நடுவில் நைலான் வாஷர் போடுவது நல்லது.

படி 5: காற்றுக்குப் பயப்படுங்கள்

நெடுஞ்சாலை வேக வரம்பு 110 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 560 நியூட்டன் விசையோடு மோதுகிறது. 100 வாட் பேனலின் பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர். முழுக் காற்றும் அடியில் புகுந்து தூக்குகிறது என்று மோசமான நிலையை வைத்தால் 34 கிலோ எடையைத் தூக்கும் விசை. 7 கிலோ பேனலை அதன் எடையே கீழே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை இரண்டு தடவை படிக்கட்டும்.

நான் படிக்கவில்லை. முதல் தடவை இரண்டு பக்கம் போல்ட், இரண்டு பக்கம் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் வார் என்று மாட்டினேன். பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டியபோது கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, இது நிக்குமா?"

"நிக்கிறப்ப நிக்கும் தம்பி. ஓடுறப்பதான் தெரியும்."

கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி 90ஐத் தொட்டதும் மேலே 'ஊ' என்று ஒரு சத்தம். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு கேபிள் டையைக் காணோம், மற்றது வெள்ளையாக வெளுத்து நீண்டிருந்தது. கயிற்றால் கட்டி, 60ல் ஊர்ந்து வீடு வந்தோம். கேபிள் டை வயரைப் பிடிக்க மட்டும்தான். வெயிலில் சில மாதங்களில் அது அப்பளமாகிவிடும்.

பேனலின் முன் விளிம்பு, பின் விளிம்பைவிட உயரமாக இருக்கவே கூடாது. ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தால் நல்லது, மழைத் தண்ணீரும் வழிந்துவிடும். முன்னால் ஒரு அலுமினியத் தகட்டைச் சரிவாக வைத்தால் காற்று மேலே போகும், சத்தமும் குறையும். பக்கங்களையும் பின்பக்கத்தையும் மூடாதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும். எல்லா நட்டையும் இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து பட்டை வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று கீழே நின்றபடியே தெரிந்துவிடும். முதல் பயணத்தில் 20 கிலோமீட்டரில் ஒரு தடவை, 100ல் ஒரு தடவை பாருங்கள்.

படி 6: வயரை உள்ளே கொண்டுவருவது

பேனலிலிருந்து எம்சி4 என்ற கறுப்பு இணைப்பான்கள் இரண்டு தொங்கும். அதற்குப் பொருந்தும் 4 சதுர மில்லிமீட்டர் சோலார் வயரை வாங்குங்கள். வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் இரட்டை உறை அதில் உண்டு. வீட்டில் கிடக்கும் ஸ்பீக்கர் வயர் வேண்டாம். 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 5.5 ஆம்பியருக்கு கால் வோல்ட் அளவுதான் இழப்பு. 0.75 வயரில் அதே தூரத்துக்கு 1.4 வோல்ட் போய்விடும். போன வோல்ட் எல்லாம் வயரில் சூடாக மாறும்.

கூரையைத் துளைக்காமல் உள்ளே வர எளிய வழி பின்கதவின் ரப்பர் விளிம்பு. மேல் மூலைக்குப் பக்கத்தில், கதவு மூடும்போது ரப்பர் மட்டும் அழுத்தும் இடத்தைத் தேடுங்கள். உலோகம் உலோகத்தைச் சந்திக்கும் இடத்தில் வைத்தால் நாளடைவில் உறை அறுபடும். ரப்பருக்குள் நுழையுமுன் வயர் ஒரு தடவை கீழே வளைந்து மேலே ஏறட்டும். மழைத் தண்ணீர் வயர் வழியே ஓடிவந்து அந்த வளைவில் சொட்டிவிடும். இந்த ஒரு வளைவை மறந்து, ஈப்போவில் ஒரு மாலை மழையில் நின்றேன். மெத்தை நனைந்தது, அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

படி 7: பேட்டரி, கன்ட்ரோலர், ஃபியூஸ்

கார் பேட்டரியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது காரைக் கிளப்ப ஒரு நொடி முழு வேகத்தில் மின்சாரம் தருவதற்குச் செய்தது. இரவெல்லாம் விசிறி ஓட்டினால் சீக்கிரம் செத்துவிடும். தனிப் பேட்டரி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி என்றால் 640 வாட்-மணி. எங்கள் கணக்குக்கு வெயிலே இல்லாமல் இரண்டு இரவு தாங்கும். ஈய-அமில பேட்டரி விலை குறைவு. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் கெட்டுப்போகும் என்பதால் இரண்டு மடங்கு அளவில் வாங்க வேண்டும், தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றும் வகை சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். அதைப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர். மலிவான பிடபிள்யூஎம் வகை, பேனலின் அழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடும். 5.5 ஆம்பியரை 13 வோல்ட்டில் பெருக்கிப் பாருங்கள், 100 வாட் பேனலில் 72 வாட்தான். எம்பிபிடி வகை மிச்ச வோல்ட்டையும் ஆம்பியராக மாற்றிக்கொடுக்கும். பேட்டரியின் வகையைத் தேர்ந்தெடுக்க வசதி உள்ளதாக வாங்குங்கள். லித்தியம் என்று வைத்தால் 14.2 முதல் 14.6 வோல்ட்டுக்குள் நிறுத்த வேண்டும். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர்.

இப்போது ஃபியூஸ். இதற்கு மட்டும் கை நடுங்காமல் காசு கொடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது பேட்டரியை இல்லை, வயரை. வயர் எங்கேயோ உரசி காரின் உடம்புத் தகரத்தைத் தொட்டால், லித்தியம் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் தள்ளும். வயர் சிவந்து, உறை எரிந்து, சீட்டுத் துணியைப் பிடிக்க அதிக நேரம் ஆகாது. ஃபியூஸ் கன்ட்ரோலர் பக்கத்தில் இருந்தால், அதற்கும் பேட்டரிக்கும் நடுவிலுள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை. 20 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 25 ஆம்பியர் ஃபியூஸ். விளக்கு, விசிறிக்குப் போகும் வயருக்குத் தனியாக 10 ஆம்பியர்.

பேட்டரியை மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, வார்ப்பட்டையால் காரோடு கட்டுங்கள். பிரேக் அடித்தால் பறக்கக்கூடாது. பின் சீட்டுக்குப் பின்னால், தரையோடு, நேர் வெயில் படாத இடம். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 50 டிகிரிக்கு மேல் போகும். சூடு அதிகமானால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜை நிறுத்திவிடும். பேனல் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பதறுவீர்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலே பாதி தீரும்.

இவ்வளவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு பவர் ஸ்டேஷன் பெட்டி இருக்கிறது. பேட்டரி, கன்ட்ரோலர், ஃபியூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. அதில் சோலார் நுழையும் இடத்தில் எழுதியிருக்கும் உச்ச வோல்ட்டைப் பாருங்கள். சின்னப் பெட்டிகளில் 28, 30 என்றுதான் இருக்கும். இரண்டு பேனலைத் தொடராக (ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு) கோர்த்தால் 44 வோல்ட் வரும், பெட்டி போய்விடும். இரண்டு பேனல் உள்ளவர்கள் இணையாக (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) கோர்க்கலாம். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும்.

படி 8: இணைக்கும் வரிசை

பேனல் மேல் ஒரு கனத்த போர்வையைப் போடுங்கள். வெயில் படும் பேனலுக்கு நிறுத்து பொத்தான் கிடையாது. பேட்டரியை முதலில் கன்ட்ரோலரோடு இணைத்து, திரை எரிகிறதா, 12 வோல்ட் அமைப்பு என்று காட்டுகிறதா பாருங்கள். பேட்டரி வகையைத் தேர்வு செய்யுங்கள். அதன் பிறகுதான் பேனல். இணைக்குமுன் மல்டிமீட்டரால் எது பாசிட்டிவ் என்று அளந்துவிடுங்கள், வயர் நிறத்தை நம்ப வேண்டாம். கழற்றும்போது தலைகீழ்: பேனல் முதலில், பேட்டரி கடைசியில். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்திருந்தால் சில கன்ட்ரோலர்கள் அந்த நொடியே கெட்டுவிடும்.

போர்வையை எடுங்கள். நல்ல மதிய வெயிலில் 100 வாட் பேனலுக்கு 65 முதல் 80 வாட் காட்டினால் சந்தோஷப்படுங்கள். 30, 40 என்றால் நிழல், தளர்ந்த இணைப்பு, அல்லது பேட்டரி ஏற்கெனவே நிறைந்துவிட்டது.

நிழல் என்னும் எதிரி

கார் நிழலைத் தேடும், பேனல் வெயிலைத் தேடும். ஒரே கூரையில் இரண்டும் சண்டை. பேனலின் செல்கள் சங்கிலி மாதிரி கோர்த்தவை. ஒரு செல்லை மூடினால் அந்த வரிசையே படுத்துவிடும். ஓர் ஓலை நிழல் குறுக்கே விழுந்தால் பாதி சக்தி போனாலும் ஆச்சரியமில்லை. செம்பனைத் தோப்பிலும் பால்மரத்துக்கு அடியிலும் பேனலுக்கு வேலையே இல்லை. ரேக்கில் பக்கத்தில் கட்டும் பை, மீன்பிடித் தூண்டில், ஆன்டெனா நிழல் கூட விழாமல் பாருங்கள்.

முகாமில் கார் நிறுத்தும் இடத்தைத் தேர்வு செய்யும்போது கடிகாரத்தையும் பாருங்கள். நம் தீபகற்பத்தின் மணியை 1982 ஜனவரி 1ல் அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் பேராக்கில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் சுமார் 1.15க்குத்தான். காலை 10.30 முதல் மாலை 4 வரை திறந்திருக்கும் இடம் கிடைத்தால் போதும், காலை 8 மணி நிழலுக்காகக் கவலை வேண்டாம். மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை வழக்கம் என்பதால் மதியத்துக்குள் வருவதுதான் உங்கள் வருமானம்.

கெரிக் தாண்டி தெமெங்கோர் ஏரிப் பக்கம் போனபோது நாள் முழுக்க மேகம். அந்தப் பயணத்தைக் காப்பாற்றியது பேனல் இல்லை, ஓட்டம். எஞ்சின் ஓடும்போது கரண்டு தரும் கார் ஆல்டர்னேட்டரிலிருந்து, அதைப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் வழியாக 20 ஆம்பியர் எடுத்தால், ஒரு மணி நேரப் பயணத்தில் 250 வாட்-மணி வரை ஏறும். 100 வாட் பேனல் ஒரு நாள் முழுக்கத் தருவதும் அவ்வளவுதான். இரவு முகாம், பகலில் ஓட்டம் என்று ஊர் சுற்றுகிறவர் முதலில் டிசி-டிசி சார்ஜர் வாங்கி, பேனலை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் இரண்டு நாள் உட்காருகிறவருக்குத்தான் பேனல் ராஜா. லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு நேர் வயரில் கோர்க்கும் குறுக்கு வழி வேண்டாம், ஆல்டர்னேட்டர் அளவுக்கு மேல் சூடாகிக் கெடும்.

மாட்டிய பிறகு

தூசியும் பறவை எச்சமும் சேரும். அதிகாலையில், கண்ணாடி ஆறியிருக்கும்போது, தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கார் கழுவும் கடையில் அழுத்தத் தண்ணீரை இணைப்பான்களை நோக்கிப் பீய்ச்ச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போல்ட், பெயின்ட் கோடு, வயர் ரப்பரில் உரசும் இடம், மூன்றையும் பாருங்கள். என் காரின் உயரம் இப்போது கிட்டத்தட்ட 1.85 மீட்டர். அதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பேரங்காடி நுழைவாயிலில் தொங்கும் தடுப்பைப் பார்த்து அப்போதுதான் யோசிப்பது நல்லதல்ல.

கிளம்புமுன் ஓர் இரவு வீட்டு முற்றத்திலேயே சோதனை செய்யுங்கள். விளக்கையும் விசிறியையும் காரிலிருந்து ஓட்டி, விடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பேட்டரியை அளவிடுங்கள். லித்தியத்தில் 13.2 வோல்ட் என்றால் பாதிக்கு மேல் நன்றாக மிச்சம் இருக்கிறது. 12.9க்குக் கீழே என்றால் கணக்கில் எதையோ விட்டிருக்கிறீர்கள், நோட்டை எடுங்கள். கோலகங்சார் பக்கம் டுரியான் விழும் காலத்தில் மட்டும், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள்.